டர்பனில் இரவு நேரத்தில் நாட்டுப்புற இசை கேட்க எங்கே போகலாம்?

கேட்டவர் ஆகஸ்டில் ஒரு வாரம் வேலையாக டர்பன் வருகிறாராம். கடற்கரை ஓட்டல் பாட்டு வேண்டாம், ஊர்க்காரர்கள் கேட்கிற பாட்டுதான் வேண்டும் என்கிறார். தனியாகப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள். மத்தியானமே நன்றாகத் தூங்கிக்கொள்ளுங்கள். போக வேண்டியது இசிகத்தாமியா என்கிற ஜூலு கூட்டுப் பாட்டுப் போட்டிக்கு. அந்தப் பெயரில் 'க' வருகிற இடத்தில் ஜூலுக்காரர்கள் நாக்கைப் பல்லில் ஒட்டி எடுத்து ஒரு சத்தம் கொடுப்பார்கள். யாராவது கீழே விழுந்தால் நாம் 'ச்சு ச்சு' கொட்டுவோமே, அதே ஒலி. நான் சொல்லிப் பார்த்தபோது அலுவலகமே சிரித்தது.

பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு ஆண்கள், ஒரே நிறத்தில் கோட்டு சூட்டு, பளபளவென்ற ஷூ. ஒருவர் முன்னால் நின்று எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நம் கூத்தில் பின்பாட்டுக்கு ஒருவரோ இருவரோதான்; இங்கே குழுவில் முக்கால்வாசிப் பேர் அடித்தொண்டைக்காரர்கள். இந்தப் பாணியில் உலகப் புகழ் பெற்ற லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவின் பாட்டு கேட்டிருப்பீர்கள். அந்தக் குழுவில் ஏழு பேர் கீழ்க்குரலில் பாட, அதன்மேல் குழுவைத் தொடங்கிய ஜோசப் ஷபலாலாவின் குரல் மிதந்து வந்தது; அவர் 2020-இல் மறைந்துவிட்டார். ஒலிபெருக்கியில் கேட்பது வேறு. அந்த ஏழு குரல் நம் நாற்காலிக் கம்பியில் அதிர்வது வேறு.

பெயருக்குப் பொருள், பூனை மாதிரிப் பதுங்கி நடப்பது. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் பிழைக்க வந்தவர்கள் தொழிலாளர் விடுதியில் ராத்திரி பாடியபோது, சத்தம் கேட்டுக் காவல்காரன் வந்துவிடக் கூடாதென்று நுனிக்காலில் ஆடிப் பழகினார்கள் என்பார்கள். காலைத் தலைக்கு மேலே வீசுவார்கள், தரையில் வைக்கும்போது ஓசையே இருக்காது. இதற்கு முந்தைய உரத்த பாணிக்கு ம்புபே என்று பெயர். ம்புபே என்றால் சிங்கம். அது சாலமன் லிண்டா 1939-இல் பதிவு செய்த பாட்டின் பெயர். லயன் கிங் படத்தில் வருகிற சிங்கப் பாட்டுக்கு மூலம் அதுதான். அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங்.

டர்பனில் இதற்குப் பெயர்போன இடம் பியாட்ரிஸ் தெரு ஒய்.எம்.சி.ஏ. மண்டபம். தெருவுக்கு இப்போது சார்லட் மக்செகே என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், ஆனால் பழைய பெயரைச் சொன்னால்தான் பலருக்கும் புரியும். எந்த வாரம் நடக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பிளேஹவுஸ் அரங்கத்திலும் ஆண்டுக்கொருமுறை பெரிய போட்டி வைக்கிறார்கள். மெத்தை நாற்காலி, நல்ல விளக்கு எல்லாம் உண்டு. எனக்கென்னவோ மண்டபம்தான்.

முதல் தடவை நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். குழு குழுவாக வந்து பாடினார்கள். பாட்டு நடக்கும்போதே பெண்கள் எழுந்து போய், பிடித்த பாடகர் கையில் சில்லறையைத் திணித்துவிட்டு வந்தார்கள். பதினொன்றரைக்கு, 'அருமையான நிகழ்ச்சி' என்று திருப்தியாக வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மறுநாள் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் பக்கத்து வீட்டு அங்கிளிடம் பெருமையடித்தால் மனிதர் சிரிக்கிறார். "என்ன தம்பி, பந்தி போடுறதுக்கு முன்னாடியே கைய கழுவிட்டு வந்துட்ட!" நான் பார்த்தது வெறும் ஒத்திகையாம். போட்டியே நள்ளிரவுக்குப் பிறகுதானாம்.

அங்கிள் இங்கே குடியேறிய தமிழர்களில் நாலாம் தலைமுறை. துணிக்கடையில் ஜூலுக்காரர்களோடு வேலை பார்த்து அவர்கள் மொழி சரளம். தமிழைவிட அதுதான் நன்றாக வரும். அவருடைய தாத்தா தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர். இங்கே அதற்குப் பெயர் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்'. "அதுவும் விடிய விடியத்தான். பாதி சனம் பாயிலே தூங்கும், துரோபதை அழுவுற நேரத்துக்குக் கரெக்ட்டா எந்திரிச்சிரும்" என்றார். இரண்டாம் தடவை அவரையே கூட்டிக்கொண்டு போனேன். ஃபிளாஸ்கில் டீ, காகிதத்தில் சுற்றிய உருளைக்கிழங்கு ரொட்டி, ஒரு சால்வை. நீங்களும் சால்வை கொண்டு போங்கள், ஆகஸ்ட் இங்கே குளிர்காலம்.

நடுவில் ஒரு வேடிக்கை உண்டு: ஆடை அலங்காரப் போட்டி. ஸ்வெங்கா என்பார்கள். வாரம் முழுக்க மூட்டை தூக்கியவர் மேடையில் மெதுவாக நடந்து வந்து, கோட்டைச் சற்றே விலக்கி அதன் உட்பக்கத் துணியைக் காட்டுவார். பேண்ட்டைத் தூக்கிக் காலுறை நிறம் டையோடு பொருந்துவதைக் காட்டுவார். முகத்தில் ஒரு சிரிப்பு கிடையாது. கல்யாண மாப்பிள்ளை தோற்றுவிடுவான்.

நடுவர் விஷயம் அதைவிட ருசி. அந்தக் காலத்தில் மொழி தெரியாத வெள்ளைக்காரர் யாரையாவது பிடித்து வந்து உட்கார வைப்பார்களாம். எந்தக் குழுவிலும் அவருக்கு மாமன் மச்சான் இருக்க மாட்டான், அதனால்! நம் ஊர்ப் பட்டிமன்றத்துக்கும் இந்த ஏற்பாடு நல்லதுதான் என்றார் அங்கிள்.

மூன்று மணிக்கு நான் தூங்கிவிட்டேன். அங்கிள் முழங்கையால் இடித்து எழுப்பியபோது மேடையில் நரைத்த தலைகள். ஊரில் விட்டுவந்த வீட்டைப் பற்றிய பாட்டு என்று காதில் சொன்னார். பன்னிரண்டு பேர் ஒரே சமயத்தில் காலைக் கீழே வைத்தார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் பின்வரிசையில் ஒரு குழந்தை இருமியது மட்டும்.

தனியாகப் போகலாமா என்றால், வேண்டாம். மண்டபத்துக்குள் ஒரு பயமும் இல்லை, பெரியவர்களை 'பாபா' என்று அழைத்து 'சவுபோனா' என்று வணக்கம் சொன்னால் இடம் நகர்த்திக் கொடுப்பார்கள். தெருதான் சரியில்லை. வார்விக் சந்தைப் பக்கம் இருட்டிய பிறகு நடக்காதீர்கள். வாசல் வரைக்கும் வண்டி, வாசலிலிருந்தே வண்டி. கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த குழு வந்தால் நீங்களும் எழுந்து போய்க் கொடுக்கலாம். நான் 20 ராண்ட் கொடுத்தேன். வாங்கியவர் பாட்டை நிறுத்தாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.