ஐந்து கைதானே? நட்சத்திர மீன் கேள்வி பதில்

கே: உலகத்தில் மொத்தம் எத்தனை வகை நட்சத்திர மீன்கள்? (திண்டுக்கல்)

ஏறக்குறைய 1,900 இனங்கள். ஆழ்கடலில் புதியவை கிடைத்துக்கொண்டே இருப்பதால் இந்த எண் ஏறும்.

கே: எல்லாவற்றுக்கும் ஐந்து கைதானே சார்? (சேலம்)

பெரும்பாலும் ஆமாம். ஆனால் வட அமெரிக்க மேற்குக் கரையில் இருக்கும் சூரியகாந்தி நட்சத்திர மீனுக்கு 24 வரை போகும். குட்டியில் ஐந்துதான், வளர வளர இடையிடையே புதுக் கை முளைக்கும். அன்டார்டிகாவில் லாபிடியாஸ்டர் என்று ஒன்று, 50 கை வரை. அவற்றைத் தண்ணீரில் விரித்துப் பிடித்து, கடந்து போகும் கிரில்லை (இறால் மாதிரிக் குட்டி உயிர்) வளைத்துவிடும்.

கே: வெட்டினால் இரண்டாகுமா?

லிங்கியா என்ற வகைக்கு ஒற்றைக் கையே போதும், முழு உடம்பும் வளர்ந்துவிடும். நீளமாக ஒரு கை, அதன் அடியில் நகத்தளவில் நாலு குட்டிக் கைகள் என்று வால்நட்சத்திரம் மாதிரி இருக்கும். மற்ற பலவற்றுக்கு நடுவட்டில் (கைகள் சேரும் நடுப்பகுதி) ஒரு துண்டாவது ஒட்டியிருக்க வேண்டும். வெட்டிப் பார்க்கக் கிளம்பாதீர்கள்.

கே: அண்ணே, வலையில் வந்தது. சாம்பல் உடம்பு, சிவப்புக் குமிழ், குமிழுக்குக் குமிழ் சிவப்புக் கோடு. விஷமா? (மண்டபம்)

புரோட்டோரியாஸ்டர் லிங்கி. விஷமில்லை. விஷமுள் இருப்பது முள்முடி நட்சத்திர மீனுக்கு, அதைத் தொடாதீர்கள். இதை உடனே கடலில் விடுங்கள். ஃபோட்டோவுக்காகத் தூக்கி வைத்திருக்க வேண்டாம், அதற்கு மூச்சே தண்ணீரில்தான்.

கே: நியூசிலாந்தில் கிடைத்து 1986இல் அறிவிக்கப்பட்ட சைலோப்ளாக்ஸ் என்ற கடல் உயிரி, நட்சத்திர மீன்களில் சேராத தனி வகுப்பு (பெரிய உயிரினப் பிரிவு) என்று படித்தேன். உங்கள் 1,900இல் அதுவும் உண்டா? (கோவை)

உண்டு. இப்படி ஒருவர் கேட்பாரா என்றுதான் காத்திருந்தேன். ஆயிரம் மீட்டருக்குக் கீழே மூழ்கிக் கிடந்த மரக்கட்டையில் எடுத்தார்கள். சட்டைப் பொத்தான்கூடப் பெரிது, அவ்வளவு சின்ன வட்டம். கையே கிடையாது. குழாய்க்கால்கள் (நட்சத்திர மீனின் அடியில் இருக்கும் குட்டிக் கால்கள்) வரிசைவரிசையாக இல்லாமல் விளிம்பைச் சுற்றி ஒரே வளையம். தனி வகுப்பு என்று அன்று சொன்னதில் நியாயம் இருந்தது. பிற்பாடு மரபணுவை ஒப்பிட்டால், நட்சத்திர மீன் கிளைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

கே: கை இல்லாததை எப்படி ஐயா நட்சத்திர மீன் என்பீர்கள்? மரபணு சொன்னால் கண்ணால் பார்ப்பது பொய்யா? (அதே கோவை)

பொய்யில்லை. பாம்புக்குக் கால் இல்லை, ஆனாலும் பல்லி, ஓணானோடு ஒரே வரிசையில்தானே வைக்கிறோம்? பிறந்த வீடுதான் கணக்கு.

கே: அப்போ ஐந்து கை என்று பள்ளிப் புத்தகத்தில் இருப்பது தப்பா? (கோவைக்கு ஆதரவாக, ஈரோடு)

தப்பில்லை, பாதி. சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே: வெட்டினால் இரண்டாக வளருமா?

மேலே.

கே: ஒரு கையை மட்டும் வெட்டினால்?

மேலே, மேலே! கத்தியைக் கீழே வையுங்கள்.

கே: கன்னியாகுமரியில் வாங்கி வந்த நட்சத்திர மீன் அலமாரியில் நாறுகிறது. என்ன செய்ய?

சரியாகக் காயவில்லை. நாலு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். அப்புறம், அடுத்த தடவை வாங்காதீர்கள்.