முடக்குவாதம் இருக்கிறது, நெஞ்சு வலிக்கிறது, டெஸ்ட் எல்லாம் நார்மல். அடுத்து என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பல வருடமாக முடக்குவாதத்துக்கு (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்ட் ஆர்த்ரைடிஸ்) மருந்து எடுக்கிறீர்கள். சில வாரமாக இடது நெஞ்சில் வலி வந்து வந்து போகிறது. இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) இரண்டும் நார்மல். "ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். வலி மட்டும் போகவில்லை.

நான் மருத்துவர் இல்லை. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்கிற, முதுகெலும்பு மூட்டுகளைப் பிடிக்கும் அழற்சி நோயோடு நெடுநாளாக வாழ்கிறவன். நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்குப் போய், நார்மல் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த அனுபவம் எனக்கும் உண்டு.

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இது. நெஞ்சை அமுக்குகிற பாரம், அது தோளுக்கோ தாடைக்கோ கைக்கோ பரவுவது, குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது, கண் இருட்டிக்கொண்டு வருவது, வலியோடு இருமலில் ரத்தம் வருவது, ஒரு கால் மட்டும் வீங்கி நெஞ்சும் வலிப்பது. இதில் எது வந்தாலும் மேற்கொண்டு படிக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். போன வாரம் எடுத்த இசிஜி இன்றைய வலிக்குச் செல்லாது. எமர்ஜென்சியில், இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை எடுத்துவிட்டு, சில மணி நேரத்தில் மறுபடியும் எடுப்பது அதனால்தான்.

சரி, அந்தச் சோதனைகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். நெஞ்சுக்கூட்டுக்குள் இதயம் மட்டுமா இருக்கிறது? விலா எலும்புகள், அவை மார்பெலும்போடு சேரும் குருத்தெலும்புகள், நுரையீரலைச் சுற்றிய உறை, இதயத்தைச் சுற்றிய உறை, உணவுக்குழாய் எல்லாம் அங்கேதான். நம்மைப் போன்றவர்களுக்கு இதில் எதிலும் அழற்சி வரலாம். இசிஜியும் எக்கோவும் இவற்றில் பாதியைப் பார்ப்பதே இல்லை.

எனக்கு வலி மார்பெலும்பை ஒட்டி, ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் இருந்தது. தும்மினால் உயிர் போகும். படுக்கையில் புரண்டால் சுருக்கென்று குத்தும். ஆனால் மாடிப்படி ஏறினால் ஒன்றும் செய்யாது. காலையில் எழுந்ததும் மோசமாக இருக்கும், கொஞ்சம் நடமாடினால் தளரும். என் ருமட்டாலஜிஸ்ட் (வாதநோய் மருத்துவர்) எந்த ஸ்கேனும் எழுதுவதற்கு முன்னால் கட்டை விரலால் விலாக்களின் முனையை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார். மூன்றாவது விலாவில் கத்திவிட்டேன். "நீங்கள் சொன்ன வலி இதுதானா, இல்லை இது வேறயா?" என்று கேட்டார். அதே வலிதான். பிறகு இஞ்ச் டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்து, மூச்சை முழுக்க விடச் சொல்லி ஓர் அளவு, முழுக்க இழுக்கச் சொல்லி ஓர் அளவு. இந்த வித்தியாசம் 2.5 செ.மீ.க்கு மேல் போகவில்லை என்றால் நெஞ்சுக்கூடு விரிவது குறைந்திருக்கிறது என்று என் நோய்க்கான பழைய அளவுகோல்களிலேயே இருக்கிறது. விலாவும் முதுகெலும்பும் சேரும் இடத்து மூட்டுகள் அழன்றால், வலி முதுகில் கிளம்பி முன்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு ஏறாமலே இது இருக்கலாம். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

விலாக் குருத்தெலும்பில் வரும் இந்த அழற்சிக்குப் பெயர் காஸ்டோகாண்ட்ரைடிஸ். ஆபத்தில்லாதது, ஆனால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். அழுத்தினால் வலிக்கிறது, அதனால் இதயம் இல்லை என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். விலா வலி இருக்கிறவருக்கும் மாரடைப்பு வரும்.

இன்னொன்று, நம் நோய்க்காரர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டியது: பெரிகார்டைடிஸ், அதாவது இதய உறையின் அழற்சி. முடக்குவாதம், லூபஸ் (எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் இன்னொரு நோய்) இரண்டிலும் வரும். வலி கூர்மையாக இருக்கும். மல்லாந்து படுத்தால் ஏறும், எழுந்து உட்கார்ந்து முன்பக்கம் சாய்ந்தால் இறங்கும். உறையில் நீர் சேராத வரை எக்கோ நார்மலாகவே வரலாம். இதைக் கண்டுபிடித்துவிட்டால் மருந்து இருக்கிறது, கால்ச்சிசின் அதில் முக்கியமானது. நுரையீரல் உறையில் அழற்சி என்றால் மூச்சை ஆழமாக இழுக்கும்போதுதான் பிடிக்கும். அந்த அறிகுறி நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தாலும் வரும் என்பதால், "வாயுப் பிடிப்பாக இருக்கும்" என்று சொல்லி யாராவது ஓமத் தண்ணீர் கொடுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். உடம்பில் அழற்சி ஓடிக்கொண்டிருக்கும்போது ரத்தம் உறையும் தன்மை கூடும்.

நாம் சாப்பிடுகிற மருந்துகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வலி மாத்திரைகளால் வயிறு புண்ணாகி எரிச்சல் நெஞ்சு வரை வரும். ஸ்டீராய்டும் கூடச் சேர்ந்தால் இன்னும் அதிகம். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கச் சொல்வது, அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும் என்பதால்தான். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் டோஃபாசிட்டினிப் போன்ற மருந்துகளுக்கு இதய நோய், ரத்தக்கட்டி பற்றிய கடுமையான எச்சரிக்கையை 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சேர்த்தது. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கு நிமோனியாவோ காசநோயோ பெரிய காய்ச்சல் இல்லாமலும் வரலாம். அக்கி கிளம்புவதற்குச் சில நாள் முன்பே, அது பட்டையாக வரப்போகும் இடத்தில் வலி தொடங்கிவிடும். இதற்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து.

இதய ரத்தக்குழாய் அடைப்பு பற்றியும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். முடக்குவாதமே இதய நோய்க்கு ஒரு காரணி. வயது, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் இவற்றை வைத்துக் கணக்கிடும் அபாய அளவை முடக்குவாதக்காரர்களுக்கு 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார். ஆகவே நடந்தால் வந்து, நின்றால் போகிற வலி என்றால், ஓய்வில் எடுத்த இசிஜி போதாது. உடல் உழைப்பின்போது இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பெண்களுக்கு நெஞ்சு வலியே பெரிதாக இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்புமாக வருவதும் உண்டு.

மருத்துவரிடம் "நெஞ்சு வலிக்குது டாக்டர்" என்று தொடங்காதீர்கள். "எனக்கு முடக்குவாதம், இன்ன இன்ன மருந்து எடுக்கிறேன், இப்போது புதிதாக நெஞ்சு வலி" என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். எமர்ஜென்சியில் இருப்பவருக்கு உங்கள் ஃபைல் தெரியாது. உங்கள் ருமட்டாலஜிஸ்ட்டுக்கோ நெஞ்சு வலி வந்ததே தெரியாது. இந்த இடைவெளியில்தான் நம் வலி விழுந்து காணாமல் போகிறது. எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதைப் போனில் குறித்துக்கொண்டு போங்கள். படுக்கும்போதா, மூச்சு இழுக்கும்போதா, அழுத்தினாலா, சாப்பிட்ட பிறகா, நடக்கும்போதா? எனக்கு எந்த ரிப்போர்ட்டையும்விட இதுதான் வழி காட்டியது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று எனக்குத் தெரிய வேண்டும்: மல்லாந்து படுக்கும்போது வலி கூடி, முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் குறைகிறதா? ஆம் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ருமட்டாலஜிஸ்ட்டுக்குப் போன் செய்யுங்கள், கிடைக்காவிட்டால் நேராக எமர்ஜென்சிக்குப் போய் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இல்லை என்றால், வலி எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். அதை ருமட்டாலஜிஸ்ட்டிடம் எப்படிச் சொல்வது என்று சேர்ந்து எழுதித் தருகிறேன்.