விக்கிப்பீடியாவில் யாருக்கு இடம்? – வாசகர் கேள்வி பதில்

கே: எங்கள் ஊர்த் தெருக்கூத்து வாத்தியார் 40 வருடமாக வேஷம் கட்டுகிறார். ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு நீக்கல் அறிவிப்பு வந்துவிட்டது. பத்து நண்பர்களைச் சேர்த்து 'இருக்கட்டும்' என்று எழுத வைக்கலாமா?
– ஒரு வாசகர், செய்யாறு

ப: வேண்டவே வேண்டாம். கட்டுரையை நீக்கலாமா என்று அங்கே நடப்பது வாக்கெடுப்பு அல்ல. வழக்கமாக 7 நாள் உரையாடல். முடிவில் ஒரு நிருவாகி தலைகளை எண்ணாமல் வாதங்களை எடைபோடுவார். நேற்றுத் தொடங்கிய கணக்குகளிலிருந்து வரிசையாக 'இருக்கட்டும்' விழுந்தால், ஆள் பிடித்து வந்தது பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஒருவருக்குத் தனிக் கட்டுரை இருக்க விக்கிப்பீடியா கேட்கும் தகுதிக்குக் 'குறிப்பிடத்தக்கமை' என்று பெயர். அதைத் திறமைக்குப் போடும் மதிப்பெண்ணாக எண்ணித்தான் பலரும் கோபப்படுகிறார்கள். வாத்தியாரோடு ஒட்டும் உறவும் இல்லாதவர்கள், நம்பத்தகுந்த இடத்தில், அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? கேள்வி அவ்வளவுதான். விழா அழைப்பிதழ், முகநூல் பதிவு, குழுவே அச்சிட்ட மலர் எதுவும் தேறாது. பேட்டியில் அவரே தன்னைப் பற்றிச் சொன்னதும் தேறாது. ஆனால் அதற்கு முன்னால் நிருபர் சொந்தமாக விசாரித்து எழுதிய நாலு பத்தி இருந்தால் அது உதவும். ஒரே செய்திக்குறிப்பை நாலு நாளிதழ் அப்படியே போட்டிருந்தால் அது நாலு சான்று ஆகாது.

ஆகவே நூலகத்துக்குப் போங்கள். நாட்டார் கலை ஆய்வு நூல்கள், பல்கலைக்கழக வெளியீடுகள், பழைய வார இதழ்களைப் புரட்டுங்கள். சான்று இணையத்தில் இல்லாவிட்டாலும், தமிழிலேயே இருந்தாலும் செல்லும். இதழின் பெயர், தேதி, பக்க எண், எத்தனை பத்தி, அதன் சாரம் இவற்றை உரையாடலில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பெயரை மட்டும் சொல்லிப் போகும் இருபது துணுக்குகளைவிட, முழுப்பக்கக் கட்டுரை மூன்று மேல். நீங்கள் அவருடைய மாணவரோ உறவினரோ என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறர் கண்டுபிடித்தால் உங்கள் நல்ல சான்றையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

கே: நோபல் வாங்கியவருக்கே இடம் இல்லை என்றார்களாமே?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

ப: கனடாவின் இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்டைச் சொல்கிறீர்கள். அவரைப் பற்றிய வரைவை, சான்றுகள் போதவில்லை என்று 2018 மே மாதம் திருப்பினார்கள். அக்டோபர் 2 அன்று நோபல் அறிவிப்பு வந்தது. அன்றே கட்டுரையும் வந்தது. கல்வியாளர்களுக்குத் தனி அளவுகோல் உண்டு: பெரிய அறிவியல் சங்கத்தின் தலைவராக இருந்திருந்தாலே போதும். அவர் 2013இல் ஆப்டிகல் சொசைட்டியின் தலைவர்! பரிசீலித்தவர் அதைக் கவனித்திருக்க வேண்டும் என்பேன். நீங்களும் முதலில் உங்கள் ஆளின் துறைக்குத் தனி அளவுகோல் உண்டா என்று பாருங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கு உண்டு. ஊராட்சித் தலைவருக்கு அந்தச் சலுகை இல்லை.

கே: நீக்கிய பிறகு மறுபடி ஏற்றலாமா?

ப: அதே உரையை ஏற்றினால் விவாதமே இல்லாமல் தூக்கிவிடுவார்கள். நீக்கிய நிருவாகியிடம் கேட்டால், பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத பட்சத்தில், பெரும்பாலும் உங்கள் பயனர் வெளிக்கு, அதாவது உங்கள் கணக்கின் கீழ் வரைவு வைத்துக்கொள்ளும் பக்கத்துக்கு, நகல் கிடைக்கும். புதுச் சான்று சிக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.