மூன்று சுழி

கேள்வி: 'லேடர் 49' என்ற ஆங்கிலப் படம் பார்த்தேன். ஒரு தீயனைப்பு வீரரின் துணிச்சலையும் அவருடைய குடும்பத்தையும் அவ்வளவு உருக்கமாகக் காட்டியிருக்கிறார்கள். நம் சினிமாவில் தீயனைப்பு வீரரை ஏன் கதாநாயகன் ஆக்குவதில்லை?
— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: முதலில் சுழிக் கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். உங்கள் கடிதத்தில் ஐந்து இடத்தில் 'தீயனைப்பு' என்று இருக்கிறது. அதில் இரண்டை மேலே திருத்தாமல் அப்படியே போட்டிருக்கிறேன். இரண்டு சுழி போட்டால் அது 'தீயனை', அதாவது கெட்டவனை. கெட்டவனைப் பிடிப்பதற்கு வேறு துறை இருக்கிறது. நெருப்பை அணைக்க மூன்று சுழி வேண்டும். இதை நான் இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. எங்கள் பிழை திருத்துபவரோ, "படிக்கிறவனுக்குப் புரிஞ்சா சரி சார்" என்கிற கட்சி. எங்கள் இருவருக்கும் உள்ள வாய்க்கால் தகராறு பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

அணை என்பது ஒரு கூட்டுக்குடும்பச் சொல். தலைக்கு அடியில் தலையணையாகக் கிடக்கிறது. பிள்ளையை அள்ளி எடுக்கும்போது தாயின் கையில் இருக்கிறது. ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்தில் வைகைக்குக் குறுக்கே நிற்கிறது. 1959-ல் திறந்த அந்த அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. தண்ணீர் 71-ஐத் தொட்டுவிட்டால், அன்றைக்கு மதுரைக்காரன் டீக்கடையில் அடுத்தவன் டீக்கும் சேர்த்துக் காசு கொடுப்பான். அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க 2017-ல் மேலே தெர்மகோல் விரித்த கதையை நான் கிளறப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தெர்மகோல் குபீரென்று பற்றும் சரக்கு. அதைக் கொண்டுபோய் ஓர் அணைத் தண்ணீரின் மேல் வைத்ததை, தீப்பாதுகாப்பு நோக்கில் யாரும் குறை சொல்ல முடியாது.

என் அப்பத்தா விளக்கை 'அணை' என்று சொல்ல விடமாட்டாள். 'குளிர வை' என்பாள். அப்படிப் பார்த்தால் துறைக்கே 'தீக்குளிர்ப்புத் துறை' என்று பெயர் வைத்திருக்கலாம். எங்கள் அச்சகத்தில் ஒரே ஒரு 'ர்' விழுந்துபோனால் 'தீக்குளிப்புத் துறை' ஆகிவிடும் என்பதால் அந்த யோசனையைக் கைவிடுகிறேன்.

சரி, படத்துக்கு வருவோம். 2004-ல் ஜே ரஸ்ஸல் எடுத்தது. பால்டிமோர் நகரத்தில் ஒரு தானியக் கிடங்கு எரிகிறது. உள்ளே ஒருவரை ஜன்னல் வழியாக இறக்கிக் காப்பாற்றிவிட்டு, தளம் இடிந்து தான் மாட்டிக்கொள்கிறார் ஜாக். அங்கே கிடந்தபடி தன் வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பதுதான் கதை. அந்த ஊரில் வேலையைப் பங்கு போட்டிருக்கிறார்கள். எஞ்சின் வண்டிக்காரர்கள் தண்ணீர் அடிப்பார்கள், ஏணி வண்டிக்காரர்கள் உள்ளே புகுந்து ஆளைத் தேடுவார்கள். ஜாக் தண்ணீர் அடிப்பவராகச் சேர்ந்து, கூட்டாளி ஒருவர் செத்த பிறகு ஏணிக்கு மாறுகிறார். வீட்டில் மனைவிக்கு வயிற்றில் புளி கரைகிறது. நீங்கள் உருகிய இடங்களில் எனக்குப் பின்னணி இசைதான் அதிகம் கேட்டது. நான் ரசித்தது நிலையத்துக்குள் நடக்கும் கூத்தை. புதிதாக வந்த பையனைப் பாவமன்னிப்புக் கேட்க அனுப்புகிறார்கள். உள்ளே பாதிரியார் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் சக ஊழியன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலையில் இந்தக் கேலி இல்லாவிட்டால் மனுசன் என்ன ஆவான்?

நம் ஊரில் எஞ்சின், ஏணி என்றெல்லாம் பாகப்பிரிவினை கிடையாது. கூரை எரிந்தாலும் இவர்கள்தான், புழக்கடைக்கு நல்ல பாம்பு வந்தாலும் இவர்கள்தான், புளியமரத்தில் கதண்டு கூடு கட்டினாலும் இவர்கள்தான். மேலூர்ப் பக்கம் ஒருமுறை கிணற்றில் விழுந்த பசுவை மேலே கொண்டுவந்ததைப் பார்த்தேன். ஒருவர் கயிற்றில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, பசுவின் வயிற்றுக்கு அடியில் பெல்ட்டை நுழைக்கிறார். பசுவுக்கு இவர் காப்பாற்ற வந்தவர் என்று தெரியாது. இரண்டு உதை விழுந்தது. மேலே நின்ற கூட்டம், "அண்ணே, பையப் பிடிங்க, சினை மாடு!" என்று மாட்டுக்காகத்தான் கவலைப்பட்டது.

உங்கள் கேள்விக்குப் பதில்? மலையாளத்தில் மம்முட்டி 2015-லேயே 'ஃபயர்மேன்' ஆகிவிட்டார். நம் ஹீரோக்களுக்குக் காக்கி என்றால் போலீஸ். இதுவும் காக்கிதான். ஆனால் நெருப்பு பஞ்ச் வசனத்துக்குப் பயப்படாது, மாமூல் வாங்காது, கிளைமாக்ஸில் மனம் திருந்தாது. இப்படிப்பட்ட வில்லனுக்கு எந்த இயக்குநர் கதை எழுதுவார்?

மதுரையில் தீயைப் பற்றி எழுதிவிட்டுக் கண்ணகியை விட்டால் பட்டிமன்றக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், எனக்கும் அவர்கள்மேல் ஒரு பழைய கோபம் உண்டு. 'கண்ணகி மதுரையை எரித்தது சரியா, தவறா' என்று எத்தனை சித்திரைக்குத் தீர்ப்பு சொல்வீர்கள்? அணைத்தது யார் என்று ஒரு நடுவராவது கேட்டதுண்டா? சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் இருக்கிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகி முன்னால் வந்து, ஊழ்வினைக் கதையை எடுத்துச் சொல்லி, தீயை விலக்கிக்கொள்கிறது. தண்ணீர் இல்லை, மணல் இல்லை, வெறும் பேச்சு! மதுரையின் முதல் தீயணைப்பு அலுவலர் வாயாலேயே அணைத்திருக்கிறார். அந்த மரபை நாமும் விடவில்லை. 2018 பிப்ரவரி 2-ம் தேதி இரவு மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பிடித்து, கல்தூண் வெடித்து, மேற்கூரை விழுந்தது. கோயிலுக்குள் கடை வேண்டுமா என்று அதற்குப் பிறகு நாம் பேசிய பேச்சில் இன்னும் நாலு தீயை அணைத்திருக்கலாம்.

குடும்பம் என்று எழுதியிருந்தீர்கள். அங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்றுபோகிறது. ஊருக்கெல்லாம் தீபாவளி, இவர்களுக்கு லீவு கிடையாது. முறுக்கும் அதிரசமும் தூக்குவாளியில் நிலையத்துக்குப் போகும். புதுச்சட்டை போட்ட பிள்ளை அப்பாவைப் பார்க்க அங்கே வரும், வண்டி மேல் ஏறி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பும். 2020 நவம்பர் 14, தீபாவளி விடியற்காலை. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் தீ. அணைக்கப் போனவர்கள் மேல் பழைய கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஊர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பால்டிமோர் வரை போக வேண்டாம். அந்த இரண்டு வீட்டிலும் அன்று காலை அடுப்பில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கத் தெரிந்த ஒரு இயக்குநர் போதும், படத்துக்கு.

அந்தப் பக்கத்துச் சந்துகளை எனக்கு நன்றாகத் தெரியும். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகளை அழகாக வரிசைப்படுத்தியவர்கள் ஊடே விட்ட சந்துகள் மாட்டுவண்டிக்கே மூச்சு முட்டும். அப்படி ஒரு சந்தில்தான் அந்தக் காலத்தில் எங்கள் அச்சகம். ஒருநாள் சாயங்காலம் காகிதக் கட்டுகளில் தீப்பிடித்தது. மறுநாள் பேப்பரில் வழக்கம்போல 'மின்கசிவு' என்று வந்தது. நிஜத்தில் அது பீடி. வண்டி வந்தது, சந்து முனையில் நின்றுவிட்டது. குறுக்கே ஒரு ஸ்கூட்டர், ஹேண்டில் பூட்டியபடி. நாலு பேர் அதை அலாக்காகத் தூக்கி ஒரு திண்ணையில் வைத்தார்கள். அதற்குள் எங்கள் தீபாவளி மலருக்கு வாங்கி வைத்திருந்த காகிதம் பாதி போய்விட்டது.

அணைத்து முடித்து, கருகிய கட்டுகளைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, அவர்களில் வயதானவர் என்னிடம் வந்தார். முகமெல்லாம் கரி. "சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்குமா?" என்றார். ஏறக்குறைய 4,500 லிட்டரைக் கொண்டுவந்து கொட்டிய மனிதர். அச்சகத்துப் பானை உடைந்து கிடந்தது. எதிர்வீட்டு அம்மா ஒரு சொம்பு நிறையக் கொடுத்தார். குடித்துவிட்டு, நோட்டை எடுத்து விவரம் கேட்டார். எவ்வளவு சேதம், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், யார் போன் செய்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சந்தை அடைத்து நின்ற அந்த ஸ்கூட்டர் யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

சாவி என் பையில்தான் இருந்தது.