ஒரே ஓனரிடம் இருப்பதா, வண்டி மாறுவதா? லாரி டிரைவர்கள் கேட்டவை

வணக்கம்ங்க. சங்ககிரியில் கிளீனராக ஏறி, பல வருஷம் லைன் வண்டி (வெளியூர் லாரி) ஓட்டி, இப்போது ஒரு டிரான்ஸ்போர்ட்டில் டிரைவர்களை வேலைக்கு எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஸ்டியரிங் பக்கமும் தெரியும், ஆபீஸ் பக்கமும் தெரியும். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ராசிபுரம், வயது 26: அண்ணா, ஹெவி லைசன்ஸ் எடுத்து இரண்டு வருஷத்தில் மூன்று ஓனர் மாறிவிட்டேன். "இவன் நிலைக்க மாட்டான்" என்கிறார்கள். இது பெரிய குறையா?

ஆரம்பத்தில் மாறுவது குறையே இல்லை தம்பி. பத்துச் சக்கரம், டிரெய்லர், டேங்கர் என்று கை பழகுகிற வயசு இது. ஆள் எடுக்கும்போது நான் பழைய ஓனருக்குப் போன் போட்டு, எத்தனை மாதம் இருந்தான் என்று கேட்பதைவிட, எப்படி இறங்கினான் என்றுதான் கேட்பேன். லோடோடு வண்டியைப் பங்க்கில் நிறுத்திவிட்டு, சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தவரை எடுக்கவே மாட்டேன். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி எல்லாம் ஒரே வட்டாரம். பேச்சு ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடும்.

இறங்குகிற அன்றைக்கு வண்டியைச் செட்டில் நிறுத்தி, ஓனரையோ மேனேஜரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டயர் நம்பரையும் நோட்டில் எழுதுங்க. ஸ்டெப்னி (உபரி டயர்) நம்பரை மறந்துவிடாதீங்க, தகராறு பெரும்பாலும் அதில்தான் வரும். ஜாக்கி, லிவர், தார்ப்பாய், கயிறு, பேட்டரி, டேங்கில் இருக்கிற டீசல், ஆர்சி (பதிவுச் சான்று), எஃப்சி (தகுதிச் சான்று), பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் எழுதி, கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்க. அப்புறம் "டயர் மாறிப்போச்சு" என்று சொல்லி உங்கள் கடைசி டிரிப் படியை (டிரிப்புக்குத் தரும் பணத்தை) யாரும் பிடித்து வைக்க முடியாது.

பெருந்துறை: பெரிய கம்பெனியில் நாலரை வருஷம் ஆகிறது. பி.எஃப். உண்டு. வேறு இடத்தில் மாதம் 3,000 ரூபாய் கூடத் தருகிறார்கள். போகலாமா?

இப்போது போக வேண்டாம். 10 பேராவது வேலை செய்கிற இடத்தில் 5 வருஷம் முடித்தால் கிராஜுட்டி எனும் பணிக்கொடை உண்டு. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷக் கணக்கால் பெருக்க வேண்டும். 18,000 என்று வைத்தால் 5 வருஷத்துக்கு 51,900 ரூபாய்க்கு மேல் வருகிறது. இன்னும் ஆறு மாதத்தில் புது இடம் கூடுதலாகத் தருவது 18,000 மட்டும். முழுசாக 5 வருஷம் முடித்துவிட்டு, எழுத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போங்க.

போகும்போது பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவு பண்ணிவிடாதீங்க. அதே யூஏஎன் (பி.எஃப். உறுப்பினர்) நம்பரைப் புது இடத்தில் கொடுத்து மாற்றுங்க. மொத்தம் 10 வருஷம் சேர்ந்தால்தான் 58 வயதில் பென்ஷன் கிடைக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தடவை கணக்கை முடித்துப் பணத்தை எடுத்து, கடைசியில் பென்ஷன் இல்லாமல் நிற்கிற டிரைவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

சங்ககிரி, டிரைவரின் மனைவி: என் வீட்டுக்காரர் ஒரே ஓனரிடம் 14 வருஷமாக ஓட்டுகிறார். இரண்டு வண்டிதான். நல்ல மனுஷர், ஆனால் பி.எஃப்., கிராஜுட்டி எதுவும் இல்லை. இப்படியே இருப்பது சரியா?

தங்கச்சி, பி.எஃப். கட்டாயம் ஆவதற்கு 20 பேர் வேண்டும். இரண்டு வண்டி ஓனரிடம் அதைக் கேட்க வழியில்லை. அங்கே 14 வருஷ உழைப்புக்கு ஓனரின் மனசு மட்டும்தான் கணக்கு. அவர் நல்லவராக இருப்பது பெரிய விஷயம், ஆனால் அவருக்குப் பிறகு மகன் பொறுப்புக்கு வந்தால் அந்த மனசு அப்படியே வரும் என்று சொல்ல முடியாது.

அதனால் உறவு நன்றாக இருக்கும்போதே பேசி வாங்க வேண்டியதை வாங்குங்க. வேலையில் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டிய பொறுப்பு ஒரே வண்டி வைத்திருப்பவருக்கும் உண்டு, 1923-ல் வந்த சட்டத்திலிருந்தே அது இருக்கிறது. வண்டி இன்சூரன்ஸ் காகிதத்தில் டிரைவருக்கான பொறுப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்க. அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு இல்லையென்றால் இந்த வாரமே பதியுங்க. 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் அதில் உண்டு. இதையெல்லாம் கேட்டதற்கே ஓனர் முகம் சுளித்தால், அப்போது வேறு இடம் பார்க்கலாம்.

தர்மபுரி: மைலேஜ் குறைந்தால் படியில் பிடிக்கிறார். மற்றபடி நல்ல ஓனர். பொறுத்துப் போகலாமா?

பொறுக்க வேண்டாம். தர்மபுரி-சேலம் ரோட்டில் இருக்கிற தொப்பூர் மலை இறக்கத்தை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரை லிட்டர் டீசலுக்காக நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடிப்பு போய்விடும். முழு லோடையும் பிரேக் மட்டும் தாங்கி, சூடேறி, கீழே வரும்போது மிதித்தால் நிற்காது. அங்கே நடந்த விபத்துகளில் எத்தனையோ இப்படித்தான். மைலேஜுக்குப் பணம் பிடிக்கிற ஓனர் உங்களை அந்த நியூட்ரலுக்குத் தள்ளுகிறார். ஒரு தடவை நேராகச் சொல்லிப் பாருங்க. கேட்கவில்லை என்றால் அடுத்த டிரிப்புக்கு ஏறாதீங்க. தூங்க விடாமல் "நைட்டே போய்ச் சேரு" என்று போன் போடுகிறவருக்கும் இதே பதில்தான்.

திருச்செங்கோடு: 50,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். புது ஓனர் அதைக் கட்டி என்னை எடுக்கத் தயார். பழைய ஓனர் லைசன்ஸைப் பிடித்து வைத்திருக்கிறார்.

லைசன்ஸைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. கடனை அவர் கடனாகத்தான் வசூலிக்க வேண்டும். கேட்டும் தராவிட்டால் போலீஸில் எழுதிக் கொடுங்க. அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் இருக்கிற லைசன்ஸ் செல்லும் என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது, அதுவரை அதைக் காட்டுங்க. ஆனால் ஒரு ஓனர் அட்வான்ஸை இன்னொரு ஓனர் அட்வான்ஸால் அடைத்தால் சம்பளமும் படியும் பேசுகிற தைரியம் போய்விடும். முடிந்தவரை மாதாமாதம் கழித்து முடித்துவிட்டு மாறுங்க.

நாமக்கல்: கேஸ் டேங்கருக்கு மாற ஆசை. என்ன வேண்டும்?

அபாயப் பொருள் ஏற்றுவதற்கான மூன்று நாள் பயிற்சி முடித்து லைசன்ஸில் அதைப் பதிய வேண்டும். வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் உள்ளே திரவம் அலைந்து வண்டியை இழுக்கும், அதனால் முதலில் அனுபவமுள்ள டிரைவரோடு ஏறுங்க. பிளாண்டில் காத்துக் கிடக்கும் நாளுக்குப் படி உண்டா என்பதை முன்னாலேயே பேசிவிடுங்க. கற்றுக்கொள்வதற்காக மாறுவதை நான் எப்போதும் ஆதரிப்பேன்.

பவானி: ஏசி கேபினுக்காக மாறலாமா?

இப்போது புதிதாகத் தயாராகும் பெரிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். உங்கள் ஓனர் அடுத்து எடுக்கும் புது வண்டியிலேயே வரும். அதை உங்களுக்குத் தரச் சொல்லிக் கேளுங்க.

காங்கேயம், வயது 52: லைன் ஓட உடம்பு ஒத்துழைக்கவில்லை. உள்ளூர் வேலைக்கு மாறினால் இத்தனை வருஷ உழைப்பு வீணா?

இல்லைங்க. வெளியே தேடுவதற்கு முன்னால் இப்போதைய ஓனரிடமே லோக்கல் வண்டி கேளுங்க. திருப்பூர், பெருந்துறைப் பக்கம் நாள் முடிந்தால் வீடு திரும்புகிற ஓட்டம் நிறைய இருக்கிறது, நீண்ட நாள் கூட இருந்தவருக்குத்தான் அதை முதலில் தருவார்கள். லைசன்ஸ் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். அந்தத் தேதி வரும்வரை காத்திருக்காமல் கண்ணையும் சர்க்கரையையும் இந்த மாதமே பார்த்துவிடுங்க.