கொழிஞ்சாம்பாறை கொப்பரை கமிஷன்: சொந்தக் காரின் தவணையைச் செலவில் காட்டலாமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் கொப்பரை கமிஷன் தொழில் செய்யும் ஒருவர் கேட்கிறார்: நவம்பரில் கடனில் கார் வாங்கினேன், மாதத் தவணையைத் தொழில் செலவில் எழுதினேன், ஆடிட்டர் அடித்துவிட்டார், ஏன்? தவணை முழுவதையும் காட்ட முடியாது. அதில் வட்டி மட்டும்தான் செலவு, அதுவும் தொழிலுக்கு ஓடிய பங்குக்குத்தான். அசல் என்பது கடனைத் திருப்புவது. ஆடிட்டர் அடித்துவிட்டதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கார் உங்கள் பெயரில் இருப்பது தடையில்லை, தனிநபர் தொழிலில் நீங்களும் தொழிலும் வேறல்ல.

அசலுக்குப் பதிலாகத் தேய்மானம் (வண்டி பழசாகி மதிப்புக் குறைவதற்குக் கழிக்கும் தொகை) இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். காருக்கு ஆண்டுக்கு 15%. நீங்கள் நவம்பரில் வாங்கியதாகச் சொல்கிறீர்கள். மார்ச் 31 வரை 180 நாளுக்குக் குறைவு என்பதால் இந்த ஆண்டு பாதிதான். காரின் விலை 8 லட்சம் என்றால் 60,000 ரூபாய். ஓட்டத்தில் 70% தொழிலுக்கு என்றால் 42,000. டீசல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாவற்றுக்கும் இதே விகிதம்.

அந்த 70 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஏதாவது வேண்டுமே. டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு போடுங்கள்: தேதி, மீட்டர் கணக்கு, எந்த மண்டி. கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போனது தொழில். குடும்பத்தோடு பழனி போனது சொந்தம். டீசல் பில்லில் வண்டி எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: கமிஷன் வருமானத்துக்கு 8% உத்தேச லாபக் கணக்கு (செலவுகளைத் தனியாகக் காட்டாமல், விற்பனையில் 8% லாபம் என்று வைத்து வரி கட்டும் முறை) பொருந்தாது.