உயரம் குறைந்தவருக்கு ஒற்றை கியர் சைக்கிள்: சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் உயரம் 151 செ.மீ. தினமும் போய்வர, கியர் தொல்லை இல்லாத ஒரு சைக்கிளைக் குறைந்த செலவில் நானே பூட்டிக்கொள்ள ஆசை. 700சி என்கிற பெரிய அளவுச் சக்கரம் போட்ட ஒற்றை கியர் சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறது. மிகச் சிறிய அளவு என்கிறார்கள். ஆனால் காலைப் போட்டு நின்றால் மேல்குழாய் முட்டுகிறது. சீட்டை இறக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைச் சின்னதாக மாற்றினால் போதுமாம். இன்னொரு பக்கம், தெரிந்தவர் வீட்டில் கியர் கெட்டுப்போன பழைய 26 அங்குல மவுண்டன் பைக் கிடக்கிறது, ஸ்டீல் ஃப்ரேம், சிறிய அளவு. எதை எடுக்கலாம்?

பதில்: பழைய மவுண்டன் பைக்கை எடுங்கள். முட்டுகிற மேல்குழாயை எந்தப் பாகத்தை மாற்றியும் சரிசெய்ய முடியாது. வெறுங்காலில் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். உங்கள் உயரத்துக்கு 69 செ.மீ. அளவில் வரலாம். மேல்குழாய் அதைவிட 2 அல்லது 3 செ.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும். திடீரென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்றும்போதுதான் இந்த இடைவெளியின் அருமை தெரியும்.

சின்ன ஃப்ரேமில் 700சி சக்கரத்தைப் பொருத்தும்போது இன்னொரு சிக்கலும் வருகிறது. சீட் குழாயைக் குட்டையாக்கலாம், சக்கரத்தைச் சுருக்க முடியாது. முன்சக்கரம் பெடலுக்கு நெருக்கமாக வந்துவிடும். மெதுவாகப் போய்க்கொண்டே ஹேண்டிலைத் திருப்பினால் கால்விரல் டயரில் இடிக்கும். சிறிய ஸ்டெம் கையின் எட்டத்தை மட்டும்தான் குறைக்கும், இதைத் தீர்க்காது. 25 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரத்தைவிட, 38 மி.மீ. டயர் போட்ட 26 அங்குலச் சக்கரத்தின் ஆரம் சுமார் 18 மி.மீ. குறைவு. பழைய மவுண்டன் பைக்குகளில் முன்சக்கரம் பொதுவாகச் சற்றுத் தள்ளியும் இருக்கும்.

வாங்குவதற்கு முன் சீட் தண்டை அசைத்துப் பாருங்கள். ஸ்டீல் ஃப்ரேமுக்குள் அலுமினியத் தண்டு வருடக்கணக்கில் கிடந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஸ்டெம்மையும் அப்படியே சோதியுங்கள். முன்பக்கக் குழாய்கள் சேரும் இடத்துக்குக் கீழே பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் அந்த ஃப்ரேம் வேண்டாம்.

அடுத்தது கிராங்க், அதாவது பெடலை அச்சோடு இணைக்கும் கை. குட்டையானவர்களுக்கு நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான், பலரும் கண்டுகொள்ளாமல் விடுவதும் இதைத்தான். கடையில் வரும் சைக்கிள்களில் பெரும்பாலும் 170 மி.மீ. இருக்கும். புத்தகம் வைத்து அளந்த கால் உள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்பது ஒரு தோராயக் கணக்கு, அதன்படி உங்களுக்கு 150-க்குப் பக்கம் வரும். சிறுவர் சைக்கிள்களில் வரும் 152 மி.மீ. கிராங்க் விலையும் குறைவு. 170-லிருந்து 152-க்கு இறங்கினால் பெடல் கீழே வரும்போது 18 மி.மீ. உயர்ந்து நிற்கும், அதனால் சீட்டையும் 18 மி.மீ. ஏற்றுவீர்கள். பெடல் மேலே வரும்போதோ 18 மி.மீ. தாழ்ந்திருக்கும். ஆக, முழங்கால் மடங்குகிற இடத்தில் மொத்தம் 36 மி.மீ. இடம் கிடைக்கிறது. முழங்கால் வலியோடு ஓட்டுகிற குட்டையானவர்களுக்கு இது பெரிய விஷயம். கால்விரலும் டயரிலிருந்து 18 மி.மீ. பின்னால் வந்துவிடும். ஒன்றே ஒன்று: கிராங்க் ஏறுகிற அச்சின் முனை சதுரமாக இருந்தால் சதுரத் துளையுள்ள கிராங்க்தான் பொருந்தும். இரண்டு கையும் ஒரே கம்பியாக வளைந்து வருகிற சிறுவர் கிராங்க் இதில் ஏறாது.

கிராங்க் குட்டையானால் அதே கியரை மிதிக்கக் கூடுதல் அழுத்தம் வேண்டும், சுமார் 12 சதவீதம். பின்பல்சக்கரத்தை 16 பல்லிலிருந்து 18-க்கு மாற்றினால் அது ஈடாகிவிடும். முன்னால் 36, பின்னால் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 4 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் மணிக்கு 21 கி.மீ.க்கு மேல். குட்டைக் கிராங்கில் 90 சுற்று சிரமமாகவே இருக்காது. போகிற வழியில் மேடே இல்லையென்றால் பின்னால் 17 போடலாம்.

கியரை எடுத்த பிறகு செயினை எப்படி இறுக்கமாக வைப்பது? பின்சக்கர அச்சு உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். அது கிடைமட்டமாக நீண்டிருந்தால் அதிர்ஷ்டம், சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை முறுக்கினால் வேலை முடிந்தது. மவுண்டன் பைக்குகளில் பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும், சக்கரத்தை நகர்த்த வழியில்லை. அப்போது பழைய பின்பக்க டிரெய்லியரை, அதாவது செயினைக் கியருக்குக் கியர் தள்ளும் பாகத்தை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, அதிலுள்ள இரண்டு திருகாணிகளால் ஒரே இடத்தில் நிற்கவைத்தால் அதுவே செயினை இழுத்துப் பிடிக்கும். செலவே இல்லை. இந்த ஏற்பாட்டில், மிதிக்காதபோதும் சக்கரம் தானாகச் சுற்றுகிற ஃப்ரீவீல் வகை மட்டும்தான் ஓட்ட வேண்டும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றுகிற ஃபிக்ஸட் கியரோ, பின்னால் மிதித்து பிரேக் பிடிக்கும் ஹப்போ கூடவே கூடாது. செயினும் 6, 7, 8 கியர் சைக்கிளுக்கான மெல்லிய வகையாக இருக்கட்டும், தடித்த ஒற்றை கியர் செயின் டிரெய்லியருக்குள் சரியாக ஓடாது.

பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் கேசட் வகையென்றால் (பல்சக்கரங்கள் ஒரே அடுக்காகக் கழன்று வரும்), பழைய கேசட்டைப் பிரித்து அதன் வளையங்களையே இடைவெளிக்குப் போட்டு, நடுவில் ஒரு பல்சக்கரத்தை வைக்கலாம். முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் வருகிறதா என்று நீளமான மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, வளையங்களை இப்படி அப்படி மாற்றுங்கள். கோணலாக இருந்தால் சத்தம் வரும், செயின் கழன்றும் விழும்.

ஹேண்டில்பார் உங்கள் தோளுக்கு அகலமாகத் தோன்றினால் இரண்டு முனையிலும் சமமாக அறுத்துவிடலாம். ஒரேயடியாக அறுக்காமல் பக்கத்துக்கு 1 செ.மீ. எடுத்து ஓட்டிப் பாருங்கள். பிரேக் நெம்புகோலில் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும், அதை உள்ளே முறுக்கினால் நெம்புகோல் விரலுக்குக் கிட்டே வரும். நெம்புகோலையே மாற்றுவதாக இருந்தால் பிரேக் வகையைச் சொல்லி வாங்குங்கள். வி-பிரேக்குக்கும் பழைய கான்டிலீவர் வகை பிரேக்குக்கும் கேபிள் இழுக்கும் அளவு வேறு, மாற்றிப் போட்டால் பிடிமானம் கெட்டுவிடும்.

செயின், பிரேக் கட்டை, கேபிள், டயர் நான்கையும் புதிதாகவே வாங்குங்கள். மற்றதெல்லாம் பழசாக இருக்கலாம். டயரில் முரட்டுப் பட்டன்கள் வேண்டாம், 38 மி.மீ. வழுவழுப்பான டயர் போட்டாலே சைக்கிள் வேறு மாதிரி ஓடும்.

முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்த இடத்தில் ஒன்றை மட்டும் வைக்கும்போது பழைய போல்ட் நீளமாகி இறுகாது. குட்டை போல்ட் வாங்குங்கள், இல்லாவிட்டால் வாஷர் போடுங்கள். கிராங்க் போல்டை முதல் 50 கி.மீ. ஓட்டியதும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள், சதுர அச்சில் அது கொஞ்சம் இளகும். இளகியபடியே ஓட்டினால் கிராங்கின் துளை தேய்ந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.